ஊசி எட்டாத இடம்

"வலிக்குதாம்மா?"

அம்மா தலையை ஆட்டினாள்.

"வலியா, இல்ல அழுத்துற மாதிரி இருக்கா?"

அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. வாய்க்குள் குறடு இருந்தது என்பதால் மட்டும் அல்ல; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியவில்லை. மரத்துப்போகிற ஊசி போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கீழுதட்டில் பாதி இல்லாததுபோல் இருக்கிறது என்று அவளே சொல்லியிருந்தாள். ஆனாலும் மருத்துவர் கடைவாய்ப்பல்லை அசைத்ததும் அவள் கை நாற்காலியின் விளிம்பை இறுகப் பற்றியது. கண்ணோரம் நீர் வழிந்தது. இன்னொரு ஊசி போட்டார்கள். அப்போதும் அதே கதை. பல் இருந்த இடத்திலேயே இருக்க, நாங்கள் வீடு திரும்பினோம்.

"ஊசிதான் போட்டாச்சே, அப்புறம் எப்படி வலிக்கும்? பயம்தான்" என்று அன்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். அந்தப் "பயம்தான்" என்பதில் ஒட்டிக்கொண்டிருந்த "தான்" எவ்வளவு தவறானது என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று.

பல் பிடுங்குவது என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் பல்லை யாரும் வெடுக்கென்று பிடுங்குவதில்லை. பல்லின் வேர் தாடை எலும்பின் குழிக்குள் நேரடியாக ஒட்டியிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளி. அதில் ஆயிரக்கணக்கான நார்கள் பல்லை ஊஞ்சல்போலத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. மருத்துவர் குறடால் பல்லைப் பிடித்து முதலில் உள்நோக்கி அழுத்துகிறார். பிறகு கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் மெல்ல மெல்லச் சாய்க்கிறார். எலும்புக் குழி கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து கொடுக்க, நார்கள் அறுகின்றன. கடைசியில்தான் தூக்குகிறார். பெரும்பாலான வேலை தள்ளுவதும் சாய்ப்பதும்தான்.

அந்த மெல்லிய இடைவெளியில் இருக்கும் நார்களோடு பின்னிக் கிடக்கும் உணர்நரம்புகள் அபாரமானவை. சோற்றில் கிடக்கும் ஒரே ஒரு மணலை, அது எந்தப் பல்லின் கீழ் அகப்பட்டது என்பதுவரை நமக்குச் சொல்பவை அவைதான். அவ்வளவு நுட்பமான கருவியின் மேல் ஒருவர் முழங்கை பலத்தோடு அழுத்தினால் மூளைக்கு என்ன செய்தி போகும்! மரத்துப்போகிற ஊசி அந்தச் செய்தியை முழுக்க நிறுத்துவதில்லை. வலியைச் சுமக்கும் நரம்பிழைகள் மெல்லியவை. மருந்துக்கு எளிதில் அடங்கிவிடும். அழுத்தத்தையும் தொடுதலையும் சுமப்பவை தடித்தவை. வழக்கமான அளவு மருந்துக்கு முழுதாக அடங்காது. ஆகவே ஊசி நன்றாக வேலை செய்தாலும் தள்ளுவது தெரியும், எலும்பு வழியே "மடக்" என்று ஒரு சத்தம் காதுக்குள் கேட்கும், வலி மட்டும் இருக்காது. இதைத்தான் மருத்துவர் கேட்டார், "வலியா, அழுத்தமா" என்று. அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கு அது எளிய கேள்வி. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அப்படி இல்லை. பயந்திருக்கும் மூளை, வருகிற அழுத்தத்தையும் வலி என்ற பெயரிலேயே வரவு வைக்கும்.

ஆனால் அம்மாவுக்கு அன்று நேர்ந்தது அது மட்டும் அல்ல. அவளுக்கு மெய்யாகவே வலித்திருக்கும். காரணத்தில் ஒரு பங்கு ஊசி மருந்தின் வேதியியலில் இருக்கிறது.

நம் ஊர்ப் பல் மருத்துவமனைகளில் பெரும்பாலும் போடுவது லிக்னோகெய்ன். ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கியது. அவரோடு இருந்த பெங்க்ட் லுண்ட்க்விஸ்ட் என்ற இளைஞர் அதைத் தன் உடம்பிலேயே செலுத்திச் சோதித்தார். நரம்பு வழியே செய்தி ஓடுவது என்றால், நரம்பிழையின் சுவரில் உள்ள நுண்ணிய வாசல்கள் வரிசையாகத் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்வது. லிக்னோகெய்ன் அந்த வாசலை அடைத்துவிடும். வியப்பு என்னவென்றால், அடைப்பது வெளியிலிருந்து அல்ல, உள்ளேயிருந்து. மருந்து முதலில் நரம்பின் கொழுப்புச் சுவரை ஊடுருவி உள்ளே போகவேண்டும். மின்னேற்றம் இல்லாத மூலக்கூறுதான் அப்படிப் போகமுடியும். நலமாக இருக்கும் திசுவில், போட்ட மருந்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்த வடிவில் இருக்கும். சீழ் பிடித்து வீங்கிய இடமோ அமிலமாகிவிடும். பிஎச் அளவு 7.4இலிருந்து 6.4க்கு இறங்கினாலே, உள்ளே போகத் தகுந்த பங்கு நூற்றுக்கு மூன்றாகச் சுருங்கிவிடும். மீதி மருந்து நரம்பின் சுவருக்கு வெளியே காத்துக் கிடக்கும். போதாததற்கு, அழற்சி கண்ட நரம்பு எளிதில் தூண்டப்படுவதாக மாறிவிடுகிறது. மருந்துக்கு அவ்வளவாக அடங்காத வேறு வகை வாசல்களையும் அது கூடுதலாக வைத்துக்கொள்கிறது. உதடு மரத்திருக்கும், பல் மட்டும் தெறிக்கும்.

அம்மாவின் பல் ஏன் அவ்வளவு வீங்கியிருந்தது? மூன்று வருடம் கிராம்பை வைத்து ஒப்பேற்றியதால். ஏன் ஒப்பேற்றினாள்? சிறுமியாக இருந்தபோது இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் அவள் பல்லை எடுத்த நினைவால். இப்போது இதைச் சங்கிலியாகக் கோத்துப் பாருங்கள். பயம் நாளைத் தள்ளிப்போட வைக்கிறது. தள்ளிப்போட்ட பல் சீழ் பிடிக்கிறது. சீழ் அமிலமாகிறது. அமிலம் மருந்தை முடக்குகிறது. முடங்கிய மருந்தோடு பல்லைத் தொட்டால் வலிக்கிறது. அந்த வலி அடுத்த பயத்துக்கு வித்தாகிறது. மனத்தில் தொடங்கிய ஒன்று, ஊசிக்குழலில் இருக்கும் மூலக்கூறு வரை கை நீட்டிவிட்டது.

இதற்கிடையே மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று நம் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். பார்வையைச் சுமப்பது மூளையிலிருந்து கிளம்பும் இரண்டாம் நரம்பு. பல்லுக்கு வருவது ஐந்தாம் நரம்பு. இரண்டும் வேறு வேறு. இந்த ஒரு பேச்சு எத்தனை பேரின் சீழ்ப் பல்லை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறதோ என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பல் மருத்துவரைக் கண்டால் வரும் பயத்தை அளக்க, நார்மன் கோரா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969இல் நான்கே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதன் முதல் கேள்வி நாற்காலியைப் பற்றியது அல்ல. நாளைக்குப் பல் மருத்துவரிடம் போகவேண்டும் என்றால் இன்று உங்களுக்கு எப்படி இருக்கும் என்பது. இரண்டாவது கேள்வி வெளியே காத்திருக்கும் நேரத்தைப் பற்றியது. ஆக, நான்கில் இரண்டு கேள்விகள், நாற்காலியில் உட்காருவதற்கு முந்தைய நேரத்துக்கு உரியவை. வலி முந்தின நாளே தொடங்கிவிடுகிறது என்று அவர் அறிந்திருந்தார்.

அது வெறும் மனப்பிராந்தி இல்லை என்பதை நாம் நம்பும்படி நிறுவியவர்கள் பலர். ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு கதவைத் தாண்டித்தான் மேலே போகிறது, தொடுவதும் தேய்ப்பதும் கதவைச் சாத்தும், மூளையும் மேலிருந்து கதவைத் திறக்கவோ சாத்தவோ செய்யும். விழுந்த குழந்தையின் முட்டியை ஊதித் தேய்த்து விடும் பாட்டி செய்வது இதைத்தான். ஊசி போடும்போது கன்னத்தைப் பிடித்து ஆட்டும் பல் மருத்துவரும் இதைத்தான் செய்கிறார். பின்னால் அந்தக் கருத்தின் நுணுக்கங்கள் பல திருத்தப்பட்டன. ஆனால் மூளை மேலிருந்து வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்பது நிலைத்துவிட்டது.

இதற்கான வலுவான சான்று ஒன்று பல் பிடுங்கியவர்களிடமிருந்தே வந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் லெவின், நியூட்டன் கார்டன், ஹோவர்ட் ஃபீல்ட்ஸ் ஆகிய மூவரும் ஞானப்பல் எடுத்துக்கொண்டவர்களுக்கு, மருந்தே இல்லாத ஒரு நீரை வலிமருந்துபோலச் செலுத்தினார்கள். சிலருக்கு வலி குறைந்தது. அவர்களுக்கு நலாக்சோன் கொடுத்தபோது வலி மறுபடி ஏறியது. நலாக்சோன் என்பது அபினி வகை மருந்துகளின் வேலையைத் தடுப்பது. அபினியே கொடுக்காதவரிடம் அது எதைத் தடுத்திருக்கும்? அவர் உடம்பு தானே சுரந்த அபினியை. இனி வலி குறையும் என்ற நம்பிக்கையே மூளைக்குள் ஒரு மருந்தாகச் சுரந்திருக்கிறது.

ஏழு வருடம் கழித்து ரிச்சர்ட் கிரேஸ்லியும் கூட்டாளிகளும் இன்னும் வியக்கத்தக்க ஒன்றைக் கண்டார்கள். அதுவும் ஞானப்பல் எடுத்தவர்களிடம்தான். நோயாளிகள் இரு குழு. இரு குழுவுக்கும் மருந்தில்லாத ஊசியே போடப்பட்டது. ஒரே வேறுபாடு, ஒரு குழுவுக்கு ஊசி போட்ட மருத்துவர்கள் "இவருக்கு உண்மையான வலிமருந்தும் கிடைத்திருக்கலாம்" என்று நினைத்திருந்தார்கள். மற்றக் குழுவினரின் மருத்துவர்களுக்கு அதற்கு வாய்ப்பே இல்லை என்று தெரிந்திருந்தது. அதைப் பற்றி யாரும் நோயாளியிடம் வாய் திறக்கவில்லை. இருந்தும் முதல் குழுவுக்கு வலி குறைவாக இருந்தது. மருத்துவரின் மனத்தில் இருந்த நம்பிக்கை, குரலிலோ முகத்திலோ கசிந்து, எதிரே இருந்தவரின் தாடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதே பாதையில் எதிர்த்திசையிலும் வண்டி ஓடும். இத்தாலியின் தூரின் நகரில் ஃபாப்ரிட்சியோ பெனடெட்டி குழு, வலி கூடும் என்று சொல்லி நலமான தொண்டர்களைக் கலங்க வைத்தால் வலி உண்மையாகவே கூடுகிறது என்பதையும், டயசிபம் கொடுத்தால் அப்படிக் கூடுவது நின்றுவிடுகிறது என்பதையும் 2006இல் காட்டியது. டயசிபம் வலிமருந்து இல்லை. அது பதற்றத்தைத் தணிப்பது. பதற்றம் வலியோடு சேர்த்துவைத்த வட்டியை மட்டும் அது தள்ளுபடி செய்தது.

பல் நாற்காலியில் தணிப்பு மருந்துக்கு இருக்கும் இடம் இதுதான். அந்த இடத்தைத் தேடிய கதை நீளமானது.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில், இருபது வயதைச் சற்றே கடந்த ஹம்ப்ரி டேவி, நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை மூச்சில் இழுத்து இழுத்துத் தன்னையே சோதித்துக்கொண்டிருந்தார். கடைவாய்ப்பல் முளைக்கும் இடத்தில் அவருக்கு ஈறு வீங்கி வலித்தது. வாயுவை இழுத்ததும் வலி தணிந்தது. 1800இல் வெளியான தன் நூலில் அதை எழுதி, அறுவைச் சிகிச்சைக்கு இது உதவக்கூடும் என்றும் குறித்துவைத்தார். படித்தவர்கள் பலர். எடுத்துப் பயன்படுத்தியவர் இல்லை. அடுத்த நாற்பது ஆண்டுகள் அது விருந்துகளிலும் கண்காட்சிகளிலும் சிரிப்பு மூட்டும் வாயுவாகவே திரிந்தது. அந்த நாற்பது ஆண்டுகளில் மேசையில் கட்டிவைத்து அறுக்கப்பட்டவர்களை நினைத்துப் பார்க்கத் தாங்கவில்லை.

1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் அப்படியொரு கண்காட்சி. வாயுவை இழுத்துத் துள்ளிய ஓர் இளைஞர் பெஞ்சில் மோதிக் காலைக் கிழித்துக்கொண்டார். வந்து உட்கார்ந்தவருக்குக் காயம் பட்டதே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் மட்டும் அதைக் கவனித்தார். மறுநாளே தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். கண்காட்சி நடத்திய கார்ட்னர் கோல்ட்டன் வாயுவைக் கொடுக்க, நண்பர் ஜான் ரிக்ஸ் வெல்ஸின் கடைவாய்ப்பல்லை எடுத்தார். வலிக்கவில்லை. உலகத்துக்கே சொல்லவேண்டிய செய்தி. அடுத்த மாதம் பாஸ்டன் போய் மாணவர்கள் முன்னால் செய்துகாட்டினார். வாயுப் பையைச் சற்று முன்னதாக எடுத்துவிட்டார்கள்; பல் வரும்போது நோயாளி முனகினார்; கூட்டம் ஏளனம் செய்தது. தனக்கு அவ்வளவாக வலிக்கவில்லை என்று அந்த நோயாளி பின்னால் சொன்னது எடுபடவில்லை. வெல்ஸ் அதிலிருந்து மீளவே இல்லை. 1846 அக்டோபரில் அவருடைய பழைய கூட்டாளி வில்லியம் மார்ட்டன் அதே பாஸ்டனில் ஈதரால் வெற்றி கண்டார். மனம் உடைந்து, குளோரோஃபார்மைத் தன் மேலேயே சோதித்துச் சோதித்து நிலை குலைந்த வெல்ஸ், 1848 ஜனவரியில் நியூயார்க் சிறையில் தன் உயிரைப் போக்கிக்கொண்டார். வயது 33. ஒரு முனகலை வலி என்று கூட்டம் எடுத்துக்கொண்டதன் விலை அது. அந்த முனகல் வலியா அழுத்தமா என்று யாரும் கேட்கவில்லை.

வெல்ஸின் வாயு இன்றும் பல் மருத்துவத்தில், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, பயன்படுகிறது. மூக்கின் மேல் ஒரு சிறு மூடி. ஆக்சிஜனோடு கலந்து, பெரும்பாலும் பாதிக்கு மிகாமல், வாயு வருகிறது. இன்றைய கருவிகள் ஆக்சிஜன் நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே போக விடாது. வாயு இரத்தத்தில் அதிகம் கரைவதில்லை. அதனால்தான் சில நிமிடங்களில் வேலை செய்கிறது, நிறுத்தினால் சில நிமிடங்களில் வெளியேறுகிறது. கை கால் லேசாகிறது, சத்தங்கள் தூரப் போகின்றன. நடுமூளையில் உடம்பின் சொந்த அபினியை அது கசிய வைக்கிறது என்பதால் கொஞ்சம் வலியையும் தணிக்கும். ஆளை முழுதாக மயக்கும் வலு அதற்குத் தனியாக இல்லை, அதுவே அதன் பாதுகாப்பும்.

பெரியவர்களுக்கு இன்று அதிகம் கேள்விப்படும் பெயர் மிடசோலம். நரம்பணுக்களை அமைதிப்படுத்த மூளையிடம் காபா என்ற இயற்கைச் சுரப்பு உண்டு. மிடசோலம் அதன் பக்கத்தில் நின்று அதன் சொல்லுக்குக் கூடுதல் பலம் சேர்க்கிறது. இதன் மூலக்கூறு ஒரு விந்தை. குப்பியில் இருக்கும் அமில நீரில் அதன் வளையம் ஒன்று திறந்திருக்கும்; அதனால் நீரில் கரையும். இரத்தத்தில் சேர்ந்ததும் வளையம் மூடிக்கொள்ளும். அப்போது கொழுப்பில் கரையும், மூளைக்குள் புகும். லிக்னோகெய்னைத் தடுத்ததும் அமிலம்தான், மிடசோலத்தைச் சுமந்து வருவதும் அமிலம்தான்.

மிடசோலம் போட்டவர் தூங்கிவிடுவதில்லை. பேசினால் பதில் சொல்வார். வாயைத் திறங்கள் என்றால் திறப்பார். ஆனால் அந்த நேரத்தில் நடப்பது நினைவில் பதிவதில்லை. எனக்கு இங்கே ஒரு கலக்கம் இருந்தது. ஒருவருக்கு வலித்து, பிறகு அவர் அதை மறந்துபோனால், அவருக்கு வலிக்கவில்லை என்று சொல்லலாமா? கூடாது. மிடசோலம் வலியை நிறுத்துவதில்லை. ஆகவே அது போட்டாலும் மரத்துப்போகிற ஊசியை முறையாகப் போட்டே ஆகவேண்டும். நினைவில் நிற்காது என்பதால் ஒருவரை வலிக்க விடும் உரிமை எவருக்கும் இல்லை.

ஆனாலும் நினைவைச் சாதாரணமாக எடைபோடவும் முடியாது. ஜெரி கென்ட் 1985இல் பல் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் மூன்று முறை கேட்டார்: எவ்வளவு வலிக்கும் என்று நினைக்கிறீர்கள், எவ்வளவு வலித்தது, மூன்று மாதம் கழித்து, அன்று எவ்வளவு வலித்தது. அதிகம் பயந்தவர்கள் மூன்று மாதம் கழித்துச் சொன்ன வலி, அன்று அவர்கள் பட்ட வலியை விட, முன்கூட்டியே எதிர்பார்த்த வலியோடுதான் ஒத்துப்போனது. நல்லபடியாக முடிந்த சிகிச்சையையும் பயம் பின்னால் வந்து அழித்து எழுதிவிடுகிறது. அடுத்த முறை அவர்கள் வராமல் போவதற்கு அந்தத் திருத்தி எழுதிய நினைவே காரணமாகிறது.

இவை எல்லாம் சும்மா கிடைப்பவை அல்ல. தணிப்பு மருந்து கூடினால் மூச்சு குறையும். பல் மருத்துவர் வேலை செய்யும் இடமும் மூச்சு போகும் வழியும் ஒன்றே. இரத்தம், எச்சில், உடைந்த பல் எல்லாம் அங்கேயே. அதனால் பயிற்சி பெற்றவர் ஒருவர் நோயாளியின் மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டு இருக்கவேண்டும். இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரல் நுனியிலிருந்தே காட்டும் கருவி ஓடிக்கொண்டிருக்கவேண்டும். ஜப்பானில் தக்குவோ அவோயாகி 1974இல் முன்வைத்த முறையில் இயங்கும் அந்தச் சிறு கருவி காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. மிடசோலத்தை முறிக்கும் ஃப்ளுமசெனில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். அன்று நோயாளி வண்டி ஓட்டக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான பற்கள் ஊசியோடு மட்டுமே எடுக்கப்படுகின்றன. பெரும்பாலோருக்கு அது போதும். போதாதவர்கள் வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். "இதுக்குப் போய் பயப்படறதா" என்று கேட்க வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்கள் அல்லவா.

அம்மாவின் பல்லுக்கு இரண்டாம் முறை வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் சீழை வடித்தார். வீக்கம் வற்றும்வரை நாள் கொடுத்தார். பிறகு, மயக்க மருத்துவர் ஒருவர் உடன் இருக்க, மிடசோலம் கொடுத்து, ஊசியை நிதானமாகப் போட்டு எடுப்பதாகச் சொன்னார். அதற்கும் முன்னால் அவர் ஒன்று செய்தார். "வேணாம்னு தோணினா இடது கையைத் தூக்குங்கம்மா, நான் நிறுத்திடறேன்" என்றார். அம்மா அங்கேயே ஒரு முறை தூக்கிப் பார்த்தாள். அவர் எழுந்து இரண்டடி பின்னால் போய் நின்றார். சிறுமியாக இருந்தபோது இரண்டு பேர் பிடித்துக்கொண்ட கை அது.

நான் வெளியே காத்திருந்தேன். நாற்பது நிமிடம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். சாய்வு நாற்காலியில் கண் திறந்தபடி படுத்திருந்தாள். பல்லிடையே பஞ்சு.

"நம்மள எப்ப கூப்பிடுவாங்க?" என்று குழறிக் கேட்டாள்.

எடுத்த பல்லை ஒரு காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்திருந்தார்கள். நான் அதைப் பிரித்துக் காட்டினேன்.